ஒன்ராறியோக் குளிருக்கு முன் படகையும் தூண்டில் சாமான்களையும் பத்திரப்படுத்துவது: முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் சிம்கோ ஏரி பெரும்பாலும் ஜனவரியில்தான் நடந்து போகுமளவுக்கு உறைகிறது. படகு வைத்திருப்பவருக்கோ குளிர்காலம் ஒக்டோபரிலேயே வந்துவிடும். தாங்க்ஸ்கிவிங் நீள்வாரம் கழிந்த பிறகு ஒரு இரவு மைனஸ் 4க்கு இறங்கும், அடுத்த நாள் மதியம் 14 பாகையில் வெயில் எறிக்கும். அந்த வெயிலைப் பார்த்து "இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம்" என்று தள்ளிப்போட்டு, நவம்பர் கடைசியில் விறைத்த விரலோடு அவசரமாகத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார்கள். ஏப்ரலில் வெடித்த மோட்டாரோடு மெக்கானிக்கின் வாசலில் நிற்பவர்களில் பலர் இப்படித் தள்ளிப்போட்டவர்கள்தான்.

குளிர் தன்பாட்டில் படகை உடைப்பதில்லை. அலுமினியமும் ஃபைபர்கிளாசும் மைனஸ் 25ஐத் தாங்கும். உடைப்பது உள்ளே தங்கிய தண்ணீர். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கிறது. ஒரு வார்ப்பு உறைக்குள் போக்கிடமில்லாமல் அது பருத்தால் உறை வெடிக்கும். வல்வெட்டித்துறையிலோ மன்னாரிலோ மோட்டாரோடு பழகியவர்களுக்கு எதிரி உப்பு. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் பெரும்பாடு முடிந்தது. இங்கே அந்தக் கழுவிய தண்ணீரையே துரத்த வேண்டும். அதனால் கீழே வரும் ஒவ்வொரு வேலையிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதற்குள் எங்கே ஈரம் நிற்கிறது, அது வெளியேற வழி இருக்கிறதா?

நம்மவர்களிடம் அதிகம் காணப்படும் 14 முதல் 16 அடி அலுமினியப் படகு, பின்னால் மாட்டிய அவுட்போட் மோட்டார், ஒரு ட்ரெய்லர், இவற்றை மனதில் வைத்தே எழுதுகிறேன். எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கும் பெரிய படகுகளுக்கு ஒரு பத்தி தனியாக வரும்.

எப்போது தொடங்குவது

வீட்டுக்கு வெளியே இருக்கும் தண்ணீர்க் குழாயை நீங்கள் உள்ளே பூட்டுவதற்கு முன் மோட்டார் வேலை முடிந்திருக்க வேண்டும். மோட்டாரைக் கரையில் வைத்து ஓட்ட ஹோஸ் தண்ணீர் தேவை. குழாயைப் பூட்டி வடித்த பிறகு வாளியோடு அலைவதில் பயனில்லை. ரொறன்ரோவைச் சுற்றி ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் முதல் வாரத்துக்கும் இடையில் மழையில்லாத இரண்டு நாட்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். கவார்த்தா ஏரிகளின் பக்கமோ அதற்கு வடக்கிலோ படகை விட்டிருப்பவர்கள் இரண்டு வாரம் முந்த வேண்டும். முதல் நாள் கழுவலும் மோட்டாரும், இரவு முழுவதும் படகு திறந்தபடி காயட்டும், மறுநாள் மூடல்.

வீதிகளில் உப்புத் தூவத் தொடங்கிய பிறகு ட்ரெய்லரை இழுக்காதீர்கள். அது இன்னொரு காரணம். ஒரே ஒரு டிசம்பர்ப் பயணத்தில் ஒட்டிய உப்புக் கரைசல் பிரேக்கிலும் லைட் வயர்களின் முனையிலும் நான்கு மாதம் உட்கார்ந்து தின்னும்.

கழுவி வடிப்பது

இதைப் படகுத்துறையிலேயே தொடங்க வேண்டும், அது சட்டமும்கூட. 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் படகை வீதியில் ஏற்றிப் போவதற்கு முன் ட்ரெயின் பிளக்கை, அதாவது படகின் வடிகால் துளையை அடைக்கும் மூடியை, கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும். படகு, ட்ரெய்லர், சாமான்கள் எதிலும் நீர்ப்பாசியோ செடியோ உயிரினமோ ஒட்டியிருக்கக் கூடாது. வரிக்குதிரை மட்டியும் முள் நீர்த்தெள்ளும் சிம்கோவுக்கு வந்து சேர்ந்தவை, அங்கே பிறந்தவை அல்ல. ஒரு ஏரியில் இருந்து இன்னொன்றுக்கு அவற்றைச் சுமக்கும் வண்டி நம்முடைய படகாக இருக்கக் கூடாது. மீதமான உயிர் இரையையும் வாளித் தண்ணீரையும் நீர்நிலைக்குள்ளோ அதிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ ஊற்றுவதும் குற்றம்.

வீட்டில், படகின் முன்பக்கத்தை ட்ரெய்லர் ஜாக்கால் நன்றாக உயர்த்திவிட்டு உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஆசனப் பெட்டிகள், தரைக் கம்பளம், நங்கூரக் கயிறு, இருக்கைக்கடியில் மறந்துபோன பிஸ்கற் பொதி எல்லாமே. பிறகு மேலிருந்து பின்பக்கம் நோக்கிக் கழுவுங்கள். பின்னால் வடியும் தண்ணீர் தெளிவாகும்வரை விடாதீர்கள். இலையும் மணலும் கலந்த சேறு வடிகால் துளையில் அடைத்துக்கொண்டால் அதன் மேல் தண்ணீர் தேங்கும். ஒரு கம்பியை விட்டுக் குடைந்து பாருங்கள்.

மீன் விடும் தொட்டி இருந்தால் அதன் குழாய்களை மறந்துவிடாதீர்கள். தொட்டி காலியாகத் தெரியும், ஆனால் பம்பிலும் வளைந்த ஹோசிலும் ஒரு கோப்பை தண்ணீர் நிற்கும். பம்பின் பிளாஸ்டிக் உறை வெடிக்க அது போதும். ஹோசைக் கழற்றி வாயால் ஊதினாலே வந்துவிடும். அடித்தளத் தண்ணீரை இறைக்கும் பம்பையும் இரண்டு விநாடி ஓட்டி வெறுமையாக்குங்கள்.

கழற்றிய ட்ரெயின் பிளக்கைத் திரும்பப் போட வேண்டாம். குளிர்காலம் முழுவதும் அந்தத் துளை திறந்தே இருக்கட்டும். பிளக்கை மோட்டார்ச் சாவியோடு கட்டிவிடுங்கள். சாவி இல்லாமல் யாரும் படகை இறக்கப்போவதில்லை.

மோட்டாரின் கீழ்ப்பெட்டி: இங்கே நேரம் செலவழியுங்கள்

மற்ற எதைச் செய்ய நேரமில்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள் என்பேன். ப்ரொப்பெல்லருக்கு மேலே, தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் அந்தக் கியர்ப் பெட்டிதான் ஒன்ராறியோக் குளிரில் அதிகம் வெடிக்கும் பாகம். அது வெடிக்கும் கதை பெரும்பாலும் ஒரு துண்டுத் தங்கூசியில், அதாவது நைலோன் தூண்டில் நூலில், தொடங்குகிறது.

கோடையில் யாரோ விட்ட நூலோ உங்களுடைய நூலோ சுழலும் ப்ரொப்பெல்லரில் மாட்டுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது, படகும் வழமைபோல் ஓடுகிறது. நூல் தண்டோடு சுற்றிச் சுற்றி உள்ளே நகர்ந்து, கியர் ஒயிலை அடைத்து வைத்திருக்கும் ரப்பர் சீலுக்குள் வெட்டிக்கொண்டு போகிறது. வெட்டுப்பட்ட சீல் வழியாக ஒயில் கசிகிறது, தண்ணீர் ஏறுகிறது. ஒயிலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் படகு நின்ற பிறகு அது பெட்டியின் அடியில் போய்ப் படிகிறது. ஜனவரியில் அது உறைந்து பருக்கும்போது உறை பிளக்கிறது. பத்து டொலர் சீலில் முடிந்திருக்க வேண்டியது புதுக் கீழ்ப்பெட்டி வாங்குவதில் முடிகிறது.

அதனால் முதலில் ப்ரொப்பெல்லரைக் கழற்றுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள், கயிறு இழுத்துத் தொடங்கும் மோட்டாரானால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். நட்டு கழராமல் பிடித்திருக்கும் கொட்டர் பின்னை நேராக்கி இழுத்து, நட்டைக் கழற்றினால் ப்ரொப்பெல்லர் கையோடு வரும். அதன் பின்னால் இருக்கும் வளையத்தை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். இப்போது டோர்ச் அடித்துத் தண்டின் அடியைப் பாருங்கள். பச்சையாகவோ மஞ்சளாகவோ இறுகிய ஒரு வளையம் தெரிந்தால் அதுதான் நூல். பிளேட்டால் ஒரு இடத்தில் மட்டும் மெதுவாக அறுத்து, இடுக்கியால் பிரித்தெடுங்கள். சீலின் உதட்டில் பிளேட் படக் கூடாது. தண்டைத் துடைத்துக் கடல்வேலைக் கிறீஸ் பூசி, புதுக் கொட்டர் பின்னோடு திரும்ப மாட்டுங்கள்.

அடுத்தது கியர் ஒயில். கீழே ஒரு திருகாணி, மேலே ஒரு திருகாணி. கீழ்த் திருகாணியைச் சில சுற்றுத் தளர்த்தி முதலில் என்ன வடிகிறது என்று பாருங்கள். தண்ணீர் அடியில் படிந்திருந்தால் அது முதலில் வரும். பிறகு மேல் திருகாணியையும் திறந்தால் ஒயில் தாராளமாக இறங்கும். கறுத்த ஒயில் என்றால் கவலையில்லை. பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; சீல் மாற்றாமல் இந்தக் குளிருக்குள் மோட்டாரை விடாதீர்கள். திருகாணியின் காந்த முனையில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சாதாரணம். நகத்தில் நெருடும் உலோகச் சீவல் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

புது ஒயிலைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைபட்டுப் பெட்டி நிரம்பியதுபோல ஏமாற்றும். சிறிய கைப்பம்பு ஒன்று இதற்கென்றே கிடைக்கிறது. மேல் துளையில் குமிழி இல்லாமல் ஒயில் வழியத் தொடங்கியதும் முதலில் மேல் திருகாணியை இறுக்குங்கள். உள்ளே காற்றுப் புக வழியில்லாததால் பம்பை எடுத்து, கீழ்த் திருகாணியைப் போடும்வரை ஒயில் அதிகம் கொட்டாது. இரண்டுக்கும் புது வாஷர். அது சில சதம்தான், பழையதை நம்பாதீர்கள். எந்த ரக ஒயில், எத்தனை மில்லிலீற்றர் என்பதை மோட்டாரின் கையேட்டில் பாருங்கள்.

மோட்டாரின் மேல்பகுதி

ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாரானால் எஞ்சின் ஒயிலையும் இப்போதே மாற்றுங்கள், வசந்தத்தில் அல்ல. ஓடிய ஒயிலில் ஈரமும் அமிலமும் கலந்திருக்கும். அது நான்கைந்து மாதம் பெயரிங்குகளின் மேல் உட்கார்ந்திருப்பதைவிட, புது ஒயில் உட்கார்ந்திருப்பது நல்லது. பழைய ஒயிலை வடிக்கும் முன், தண்ணீர் உறிஞ்சும் துளைகளின் மேல் ஹோஸ் கவ்வியை மாட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிச் சூடாக்குங்கள். பின்பக்கச் சிறு துளையால் தண்ணீர் பீச்சியடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது நின்றால் உடனே நிறுத்துங்கள். கராஜுக்குள் ஒருபோதும் ஓட்டாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

இந்தப் பத்து நிமிடத்தில் இன்னொரு காரியமும் நடக்க வேண்டும். பெற்றோல் பதப்படுத்தும் திரவத்தை முன்கூட்டியே டாங்கில் கலந்திருந்தால், ஓடும்போது அது கார்புரேட்டர் அல்லது இன்ஜெக்டர்வரை போய்ச் சேரும். டாங்கில் மட்டும் ஊற்றிவிட்டு ஓட்டாமல் விட்டால் மோட்டாருக்குள் நிற்பது பழைய பெற்றோல்தான். கார்புரேட்டர் உள்ள மோட்டாரில் கடைசியாக அதன் கிண்ணத் திருகாணியைத் திறந்து வடித்துவிடுவது இன்னும் பாதுகாப்பு.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் துருத்தடுப்பு ஒயிலைத் தெளித்து, கையால் சில சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப மாட்டுவது பழைய வழக்கம். டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கும் பழைய கார்புரேட்டர் மோட்டார்களுக்கும் இது நல்லது. புதிய இன்ஜெக்ஷன் மோட்டார்களில் காற்றுப் போகும் வாய்க்குள் எதையும் தெளிக்காதீர்கள். கையேடு சொன்னதை மட்டும் செய்யுங்கள்.

பிறகு மோட்டாரை முழுதாகக் கீழே இறக்கி, நேராக நிறுத்துங்கள். அவுட்போட் மோட்டார் தன் தண்ணீரைத் தானே வடித்துவிடும்படி செய்யப்பட்டது, நிமிர்ந்து நின்றால் மட்டும். வீதியில் கொண்டுபோகும்போது இருந்ததுபோலச் சரித்தே விட்டால் ப்ரொப்பெல்லர்க் குடத்துக்குள் மழைத் தண்ணீர் சேரும். சிறிய மோட்டாரைக் கழற்றிக் கராஜில் வைப்பதானால் மரத் தாங்கியில் நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தே ஆக வேண்டும் என்றால் எந்தப் பக்கம் கீழே இருக்கலாம் என்பது பெரும்பாலும் மோட்டாரிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

எஞ்சின் உள்ளே இருக்கும் படகுகள் தாமாக வடிவதில்லை. எஞ்சின் உடலிலும் புகைக்குழாய் உறையிலும் இருக்கும் வடிகால்களை ஒவ்வொன்றாகத் திறந்து தண்ணீரை இறக்கிய பிறகே இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃப்ரீஸை ஏற்ற வேண்டும். உள்ளே நிற்கும் தண்ணீரோடு அது கலந்தால் நீர்த்துப்போய், போத்தலில் போட்ட வெப்பநிலைக்கு வெகு முன்பே உறையும். காருக்குப் போடும் பச்சை நிற எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. ஏரிக்குப் போகும் எதிலும் அதை ஊற்றாதீர்கள். முதல் முறை செய்பவர் பழக்கப்பட்ட ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வதே நல்லது.

பெற்றோல்

ஒன்ராறியோவில் சாதாரணப் பெற்றோலில் பத்து வீதத்தை ஒட்டிய எதனோல் கலந்திருக்கிறது. எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் தண்ணீரும் எதனோலும் பெற்றோலைவிட்டுப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். மோட்டாரின் குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. கழற்றி எடுக்கக்கூடிய சிறு டாங்கில் ஒயில் கலக்காத பெற்றோல் மீதமிருந்தால் காரில் ஊற்றி முடித்துவிடுங்கள், அதுதான் சுலபம். படகோடு சேர்ந்த நிரந்தர டாங்கானால் பதப்படுத்தும் திரவத்தோடு ஏறக்குறைய நிரப்பி, விரிவடையச் சிறிது இடம் விட்டு வையுங்கள். டாங்கில் காற்றிடம் குறைந்தால் உள்ளே ஈரம் படியவும் இடம் குறையும். பழுதான பெற்றோலை எந்தத் திரவமும் மீட்காது.

பெற்றோல் டாங்கை பேஸ்மென்றில் வைக்காதீர்கள். அங்கே தண்ணீர் சூடாக்கியும் ஃபேர்னசும் இருக்கின்றன.

பற்றறியும் மின் சாமான்களும்

முற்றாக இறங்கிய ஈயப் பற்றறி மைனஸ் 7, 8 பாகையிலேயே உறைந்து வெடிக்கலாம். முழுதாகச் சார்ஜ் ஏறியது மைனஸ் 50இலும் உறையாது. அதனால் பற்றறி வெளியே இருப்பதா உள்ளே இருப்பதா என்பதைவிட அது நிறைந்திருப்பதே முக்கியம். கழற்றிக் கொண்டுவந்து, முனைகளைத் துடைத்து, 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் சார்ஜ் ஏற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். கொங்கிரீட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்ற பேச்சு இன்றைய பிளாஸ்டிக் உறைப் பற்றறிகளுக்குப் பொருந்தாது. லிதியம் பற்றறி வேறு மாதிரி. அதைப் பாதியளவு சார்ஜில் வைக்கலாம், ஆனால் பூச்சியம் பாகைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவே கூடாது. குளிர்ந்த கராஜிலிருந்து எடுத்ததும் சார்ஜரில் மாட்டாமல் ஒரு நாள் வீட்டுக்குள் விடுங்கள்.

மீன் காட்டும் திரையைக் கழற்றி வீட்டுக்குள் எடுங்கள். மின்சார ட்ரோலிங் மோட்டாரின் ப்ரொப்பெல்லரையும் கழற்றி நூல் பாருங்கள். அங்கேயும் அதே சீல், அதே ஆபத்து.

ட்ரெய்லர்

நெடுஞ்சாலையில் சூடேறிய சக்கரப் பெயரிங் ஏரித் தண்ணீருக்குள் இறங்கும்போது சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது, சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தத் தண்ணீரோடு குளிர்காலம் முழுக்க அசையாமல் நின்றால் துரு. ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கிச் சுழற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரத்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ கழற்றிப் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தாலும் புதுக் கிறீஸ் ஏற்றிப் பழையதை வெளியே தள்ளுங்கள். ரயரில் காற்றை நிரப்பி, பலகையின் மேல் நிறுத்தி, கொழுவிக்குப் பூட்டுப் போடுங்கள்.

மூடுவது

தார்ப்பாயை இறுக்கி மூட்டையாகக் கட்டுவது நம்மவர்களிடம் பரவலாக இருக்கும் பிழை. காற்றுப் போகாத படகுக்குள் ஈரம் தங்கி, மார்ச்சில் திறக்கும்போது ஆசனமெல்லாம் பூஞ்சணமாக இருக்கும்.

நடுவில் முதுகெலும்புபோல ஒரு மரச் சட்டத்தையோ பிளாஸ்டிக் குழாயையோ முன்னிருந்து பின்வரை நிறுத்தி, கூரைச் சரிவு வரும்படி துணியைப் போடுங்கள். சரிவு இல்லாவிட்டால் பனி நடுவில் குழியாகத் தேங்கும். கணக்குப் பார்த்தால் பயம் வரும்: 14 அடிப் படகின் மேல்பரப்பு ஏழு சதுர மீற்றர் அளவு. படிந்து இறுகிய பனி ஒரு கன மீற்றர் 250 கிலோ என்று வைத்தாலே, 30 சென்ரிமீற்றர்ப் பனி அரைத் தொன்னைத் தாண்டும். சட்டத்தின் முனைகள் துணியைக் கிழிக்காதபடி பழந்துணி சுற்றுங்கள். முன்னும் பின்னும் காற்றுப் போய்வர வழி விடுங்கள். கயிற்றை ட்ரெய்லர்ச் சட்டத்தில் கட்டுங்கள். காற்றில் படபடக்கும் துணி ஒரே மாதத்தில் பெயின்ரை உரசி எடுத்துவிடும்.

எலிக்கு மருந்து வைப்பதைவிட, அதற்கு வேண்டியதை எடுத்துவிடுவது பலன் தரும். பஞ்சு ஆசனம், உயிர்காப்பு அங்கி, மீன் நாறும் வலை மூன்றும் வீட்டுக்குள் வரட்டும்.

தூண்டில் தடி, ரீல், நூல்

எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டிவிடாதீர்கள். செப்டெம்பர், ஒக்டோபரில் கனரஸ்காவிலும் கிரெடிட் ஆற்றிலும் சல்மன் ஏறும்; அதன் பிறகும் ஆற்றில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஜனவரியில் சிம்கோ ஐஸின் மேல் பேர்ச்சுக்கும் வெள்ளை மீனுக்கும் உட்காருபவர்களும் இருக்கிறார்கள். இனி ஏப்ரல்வரை கையில் எடுக்காதவை எவை, இன்னும் வேலை இருப்பவை எவை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ரீலில் முதல் வேலை ட்ராக் குமிழை, அதாவது மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கமாக வெளியேறும் என்பதை மாற்றும் குமிழை, தளர்த்துவது. இறுக்கியபடி ஐந்து மாதம் விட்டால் உள்ளே இருக்கும் வளையங்கள் நசுங்கிப்போய், வசந்தத்தில் பெரிய மீன் இழுக்கும்போது நூல் வழுக்காமல் விக்கி விக்கிப் போகும். நூல் அறுவது அப்படித்தான். ஈரத் துணியால் துடையுங்கள். ஹோஸைப் பீச்சினால் மணல்தான் உள்ளே போகும். கியருக்குக் கிறீஸ், பெயரிங்குக்கும் நூல் உருளும் சிறு உருளைக்கும் ஒரு துளி ஒயில். அந்த உருளை சுழலாமல் நின்றால் நூல் அதில் உரசி நைந்துவிடும், பலர் அதைக் கவனிப்பதேயில்லை. ஐஸுக்குக் கொண்டுபோகும் ரீலுக்குத் தடித்த கிறீஸ் ஆகாது. மைனஸ் 20இல் அது மெழுகாக இறுகிக் கைப்பிடி சுற்றவிடாது. பழைய கிறீஸைத் துடைத்து, குளிருக்கென்று விற்கும் மெல்லிய ஒயிலை மட்டும் தடவுங்கள்.

புதுத் தங்கூசியை இப்போது சுற்றாதீர்கள். குளிர்காலம் முழுக்க ஸ்பூலில் கிடந்தால் சுருள் சுருளாகப் பழகிவிடும். வசந்தத்தில் சுற்றுங்கள். பின்னல் நூல் பல வருடம் தாங்கும்; தலைப்பக்கம் நைந்திருந்தால் கழற்றித் திருப்பிச் சுற்றினால் உள்ளே புதிதாக இருந்த பாதி வெளியே வரும். கழித்த நூலைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுதாகப் போனால் எங்கோ ஒரு கடற்பறவையின் காலில்தான் அது சேரும்.

தடியின் வளையங்களுக்குள் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுற்றிப் பாருங்கள். பஞ்சு இழுபட்டால் அங்கே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறது. தடியைச் சுவரில் சாய்த்து வைத்தால் நுனி வளைந்தபடி பழகும். இரு இடத்தில் தாங்கிக் கிடத்துங்கள் அல்லது நிமிர்த்தித் தொங்கவிடுங்கள். ஈரத் துணி உறைக்குள் மட்டும் போட்டு மூடாதீர்கள்.

லூர்ப் பெட்டி

ஒரே ஒரு ஈர லூர் (செயற்கை இரை) போதும், பெட்டி முழுவதும் துருப்பிடிக்க. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, 50 பாகைக்கு மேற்பட்ட சுடுநீரில் சிறிது பாத்திரம் கழுவும் சவர்க்காரம் விட்டுக் கழுவுங்கள். அது பாசியையும் ஒட்டிவந்த சிற்றுயிர்களையும் சேர்த்தே போக்கும். துவாய் விரித்து ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். பெட்டிகளையும் திறந்து கவிழ்த்துக் காயவையுங்கள், மூலைகளில் தண்ணீர் ஒளிந்திருக்கும். காய்ந்த பிறகு ஒவ்வொரு கொக்கியையும் நகத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கீறினால் கூர் இருக்கிறது; வழுக்கினால் தீட்ட வேண்டும். துருவேறியதை மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஈரமுறிஞ்சும் சிறு பொதி ஒன்று, சப்பாத்துப் பெட்டியில் வருவதே போதும்.

மென் பிளாஸ்டிக் புழுக்களை அவை வந்த பையிலேயே வையுங்கள். அவற்றிலுள்ள இளக்கும் எண்ணெய் கடின லூரின் பெயின்ரைக் கரைக்கும், சில பெட்டிகளின் அடியையே உருக்கும். வெவ்வேறு வகைப் பிளாஸ்டிக் ஒன்றையொன்று தொட்டாலும் அப்படித்தான்: இழுபடும் ரகமாக விற்கப்படும் சில புழுக்கள் சாதாரணப் புழுவோடு கலந்தால் ஒட்டும் பசையாகிவிடும், பிரிக்கவே முடியாது. ஈயக் குண்டுகளைத் தொட்டபின் கையைக் கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பையின் பக்கப் பொக்கற்றுகளையும் அங்கியின் பொக்கற்றுகளையும் ஒருமுறை துழாவுங்கள். அங்கே மறந்த ஒரு சல்மன் முட்டைப் போத்தல் குளிர்காலத்தின் பாதியில் வீட்டு வாசத்தையே மாற்றிவிடும்.

உயிர்காப்புச் சாமான்கள்

உயிர்காப்பு அங்கிகளைக் கழுவி, காய்ந்ததும் தொங்கவிடுங்கள். மேலே பாரம் அடுக்காதீர்கள். காற்றடைக்கும் ரகத்தில் வாயுச் சிலிண்டர் இறுக்கமாக இருக்கிறதா, தானாக விரியும் பாகத்தின் காலாவதி எப்போது என்று பாருங்கள். ஆபத்தில் கொளுத்திக் காட்டும் அவசர வெளிச்சங்களை (ஃப்ளெயர்) கனடாவில் தயாரிப்புத் திகதியிலிருந்து நான்கு வருடம்தான் ஏற்றுக்கொள்வார்கள். தீயணைப்பானும் வீட்டுக்குள்.

கராஜ் இல்லாதவர்களுக்கு

கொண்டோவில் இருப்பவர்களிடம் காற்றடைக்கும் படகும் கயாக்கும் அதிகம். காற்றடைக்கும் படகின் மடிப்புகளுக்குள் தண்ணீர் நிற்கும். முழுதாகக் காயவைத்து, தளர்வாகச் சுருட்டி வீட்டுக்குள்ளேயே வையுங்கள். குளிரில் விறைத்த பிவிசியை மடித்தால் மடிப்பில் வெடிக்கும். கயாக்கைக் கைப்பிடியில் தொங்கவிட்டால் பிளாஸ்டிக் உடல் வளைந்துவிடும். அகலமான பட்டையில் இரு இடம் தாங்கட்டும். ட்ரெய்லரோடு வாடகை இடத்தில் விடுபவர்கள் உள்ளும் புறமும் படமெடுத்து, மோட்டாரின் தொடர் இலக்கத்தையும் எழுதிவைத்து, குளிர்காலத்திலும் காப்புறுதி நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் நிறுத்துபவர்கள் தங்கள் நகரசபையின் விதியைப் பார்க்க வேண்டும், ஊருக்கு ஊர் அது மாறும்.

ஜனவரியும் மார்ச்சும்

பெரும் பனி கொட்டிய ஒவ்வொரு முறையும் போய்ப் பாருங்கள். மென் தும்புத்தடியால் பனியைத் தள்ளுங்கள். சவள் துணியைக் கிழிக்கும். பகலில் உருகி இரவில் உறையும் பெப்ரவரி, மார்ச் நாட்களில் துணியின் பள்ளங்களில் ஐஸ் கட்டும். கயிறு தளர்ந்த இடத்தை அப்போதே இறுக்குங்கள். பின்பக்கத் துளையை இலையோ ஐஸோ அடைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

மூடும்போது கண்ணில் பட்ட குறைகளை ஒரு தாளில் எழுதி வைத்திருப்பீர்கள்: தண்ணீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம், வெடித்த லைட், தேய்ந்த கயிறு. அந்தப் பாகங்களை மார்ச் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். ஏப்ரல் வந்ததும் எல்லா மெக்கானிக்குகளும் நிரம்பிவிடுவார்கள், சின்ன வாஷருக்கும் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.